சிவப்பு வாளிக்கு முன்

அன்புராசா அண்ணையின் புல்வெளிக்குச் சரிபாதியில் என் மனைவி ஜெயமலர் ஒரு சிவப்பு வாளியைக் கவிழ்த்து வைத்தாள். வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தாள். திருப்தியில்லை. திரும்பி வந்து ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் போய்ப் பார்த்தாள். அண்ணை உள்ளிப்பூண்டு கழுவுகிற வாளி அது. கனடாவில் போர்ட் பெரிக்கு அப்பால், செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமைக் காலை, புல்லெல்லாம் பனி ஈரம். நான் வீடு காட்டப் போகிறவனைப் போலப் பளபளப்பான சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அது வேலியடிக்கு வருவதற்குள்ளேயே நனைந்துவிட்டது.

"உந்த வாளி என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"உது பாதித் தூரம். பிளேன் வாளியடிக்கு வரேக்க, கிளம்புற வேகத்தில முக்கால்வாசியாவது வந்திருக்கவேணும். வராட்டி நிப்பாட்டவேணும்."

"கொஞ்சம் பொறுத்துப் பார்த்தா வந்திடாதோ?"

"அப்பிடிப் பொறுத்துப் பார்த்த ஆக்களாலதான் உந்தச் சட்டமே வந்தது," என்றாள்.

என்னை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். வோபர்னில் ஒரு பஸ் தரிப்பிடத்து வாங்கின் முதுகில் ஒட்டிய படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வின்னி மூர்த்தி என்று போட்டிருக்கும். வீட்டில் வைத்த பெயர் விநாயகமூர்த்தி. வாங்கில் ஆட்கள் சாய்ந்திருக்கும் நேரம் நெற்றி மட்டும் தெரியும், அதுவும் ஒரு விளம்பரம்தான். ஸ்காபரோவிலும் ரூஜிலும் வீடு விற்று வாங்கிக் கொடுக்கிறேன். வாய்தான் என் மூலதனம் என்று ஜெயமலர் சொல்லுவாள். அவளுக்கு வாய் குறைவு. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிற வேலை. ஒரு துளியை வைத்து ஒருவனுடைய பத்து வருடத்துப் பழக்கவழக்கத்தைச் சொல்லக்கூடியவள், ஆனால் சொல்லமாட்டாள்.

விமானம் அவளுடைய தலைக்குள் ஏறியது தற்செயலாகத்தான். கூட வேலை செய்த செலீன் ஓய்வுபெற்றபோது ஆய்வுகூடத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பட்டன்வில் விமானத்தளத்துக்குப் போய், ஆளுக்கொரு முறை சின்ன விமானத்தில் சுற்றி வந்தார்கள். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இவள் அடுத்த வகுப்புக்கு நாள் எடுத்துக்கொண்டு வந்தாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இரண்டொரு மாதத்தில் விட்டுவிடுவாள் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். அவள் விடவில்லை. வேலை முடிந்து வந்து, புட்டு அவிய வைத்துவிட்டு, குசினி மேசையில் காற்றையும் முகிலையும் படித்தாள். ஒருநாள் அனுமதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள் போலத் தேத்தண்ணி போடப் போனாள்.

அன்றிலிருந்து நான் விடவில்லை. கலியாணவீடு, சாமத்தியவீடு, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் அன்னதான வரிசை, எங்கே போனாலும் ஐந்து நிமிடத்துக்குள் பேச்சை விமானத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவேன். "மனிசி பைலட்." இதைச் சொன்னதும் எதிரில் நிற்கிறவர் முகத்தில் ஒரு மாற்றம் வரும் பாருங்கள், அதைப் பார்ப்பதற்காகவே நான் சொல்லுவேன். செத்தவீடுகளிலும் சொல்லியிருக்கிறேன், சற்று மெதுவாக.

ஆனால் நான் அவளோடு ஒருநாளும் ஏறியதில்லை. முதலில் வேலை என்றேன், பிறகு முதுகு என்றேன், பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். பெரிய விமானத்தில் ஏறி லண்டனுக்குப் போய் வருவேன், அதில் பிரச்சினையில்லை. சின்ன எஞ்சின் ஒன்று தனியாக உறுமுகிற சத்தம்தான் என்னால் தாங்க முடியாதது. ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்த, நாங்கள் வளர்ந்த காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்றுதான் கற்றுக்கொண்டோம். இப்போதும், ஸ்காபரோவில் கோடைகாலத்தில் ஒன்று தாழப் பறந்தால், வீடு வாங்க வந்தவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே என் கை கதவு நிலையைத் தேடும். ஜெயமலரும் அதே காலத்தில், எங்களுக்கு இரண்டு ஊர் தள்ளி வளர்ந்தவள்தான். அவளுக்கு அந்தப் பயம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. கேட்டதுமில்லை.

பட்டன்வில் தளத்தை மூடிய பிறகு அவள் பட்ட பாடு பெரிது. வேறு தளம் ஒன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடினாள். அங்கே வாடகைக்குக் கிடைத்த விமானத்தையும் சொந்தக்காரர் விற்றுவிட்டார். சொந்தமாக ஒன்று வாங்கினாலும் நிறுத்துவதற்கு எங்கும் இடமில்லை. மாதக்கணக்கில் பறக்காமல் இருந்தாள். ஒருநாள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே, "பறக்காமல் இருந்தால் கை மறந்திடும். இந்த ஸ்நோவுக்கு முன்னம் ஏதும் சரிவராட்டி விட்டிடுறன்," என்றாள். நாளைக்குப் பால் வாங்கவேண்டும் என்பதைச் சொல்கிற அதே குரல். எனக்கு அவளைத் தெரியும். விட்டுவிடுகிறேன் என்று அவள் சொன்னால் அது விட்டதுதான். எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ கழன்றதுபோல இருந்தது. நான் அடுத்த கலியாணவீட்டில் என்ன சொல்லுவேன் என்ற கவலையும் அதில் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அது மட்டுமில்லை. வெங்காயத்தைச் சாட்டி அவள் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு வெங்காயம் எரிவதில்லை.

அன்புராசா அண்ணையிடம் நான்தான் கேட்டேன். மன்னாரிலிருந்து வந்தவர். ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு இந்தத் தோட்டக் காணியை வாங்கியபோது பத்திரம் முடித்துக் கொடுத்தவன் நான். அவரும் மனைவி வேரோனிக்கா அக்காவும் உள்ளியும் பூசணியும் லீக்ஸும் போட்டுத் தமிழ்க் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு புல்வெளி சும்மா கிடந்தது. "புல்லுத்தானே, தங்கச்சி பிளேனை விடட்டும்," என்றார், சைக்கிள் விடுவதற்கு இடம் கேட்டதுபோல. ஆனால் வெளி நீளம் போதாது. ஒரு பக்கம் றோட்டும் மின்கம்பியும், மற்றப் பக்கம் உயரமான பொப்லர் மரவரிசை. அந்த மரங்களை வெட்ட அவருக்கு அனுமதியில்லை, அது பக்கத்துக் காணிக்காரருடையது. ஆகவே குறைந்த தூரத்தில் கிளம்பி, மரத்துக்கு மேலாக ஏறக்கூடிய விமானம் வேண்டும்.

ஜெயமலர் தேடத் தொடங்கினாள். லைட் ஸ்போர்ட் என்று ஒரு வகை இருக்கிறது. இரண்டு பேர் இருக்கலாம், பாரத்துக்கு ஒரு எல்லை போட்டிருப்பார்கள், அதற்குமேல் ஏற்றக்கூடாது. அதிலும் தொழிற்சாலையில் செய்து, முறைப்படி சோதித்து, சான்றிதழோடு வருவதுதான் வேண்டும் என்றாள். இதற்கிடையில் ஒருவர் தன் கராஜுக்குள் தானே பொருத்திய விமானம் ஒன்றை மலிவு விலைக்குத் தருவதாகச் சொன்னார். தட்டான்பூச்சி மாதிரி நின்ற இடத்திலிருந்து எழும்புகிறது. நான் துள்ளிக் குதித்தேன். அவள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள், அவரோடு மரியாதையாகக் கதைத்தாள், வீட்டுக்கு வந்து வேண்டாம் என்றாள். "நல்லாச் செய்திருக்கிறார். ஆனா அவர் செய்தது அவருக்குத்தான் தெரியும். பெர்மிட் இல்லாத பேஸ்மென்ற் எண்டா நீங்கள் ஆருக்கும் வாங்கிக் குடுப்பியளோ?" என்று கேட்டாள். ஸ்காபரோவில் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் பேஸ்மென்றில் விழுந்தால் படியில்தான் விழுவேன், அவள் விழுந்தால் வானத்திலிருந்து விழுவாள் என்ற நினைப்பு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தது முதலாவது விமானம். விற்கிற கொம்பனியின் ஆள் ஜூலியன், பீற்றர்பரோப் பக்கத்து இளைஞன், தனியாக ஓட்டிக்கொண்டுவந்து புல்வெளியில் இறக்கினான். செட்டை இரண்டும் தாழ்வாக விரிந்திருந்தன, உடம்பு வைன் நிறம், கண்ணாடி மூடி, தோல் இருக்கை. பார்த்தவுடனேயே மனம் போய்விட்டது. வீடென்றால் மாபிள் வாசலும் இரட்டைக் கராஜும் வைத்த வீடு, உள்ளே போகாமலே கையெழுத்துப் போடலாம். லண்டனில் இருக்கும் என் அக்கா கஜனியை வீடியோ கோலில் பிடித்து, கமராவை அதன் முகத்துக்கு நேரே காட்டினேன். ஜெயமலர் விமானத்தை மூக்கிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தாள். குனிந்து சக்கரம் பார்த்தாள். இருக்கைகளுக்குப் பின்னால் சாமான் வைக்கிற குழியையும் திறந்து பார்த்து, அதற்குள் தன் ஜக்கெற்றைக் கழற்றி வைத்தாள். அப்போது வேரோனிக்கா அக்கா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். ஜூலியன் ஓர் உறைப்பு றோல்ஸைக் கடித்துவிட்டுக் கண் கலங்கினான். நாங்கள் எல்லோரும் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பதில் மும்முரமாக இருந்தோம்.

பிறகு அவளும் ஜூலியனும் ஏறினார்கள். இடப்பக்கம் அவள். விமானம் றோட்டுப் பக்கத்து எல்லையில் போய்த் திரும்பி, பிரேக்கில் நின்று உறுமியது. நான் போனை உயர்த்திப் பிடித்தேன். "அக்கா, பாருங்கோ, இப்ப எழும்பும்," என்றேன். விமானம் ஓடத் தொடங்கியது. என் பக்கமாக வந்து, என்னைக் கடந்து, வாளிக்கு வந்தது. வாளியடியில் எஞ்சின் சத்தம் அப்படியே விழுந்துபோயிற்று. ஈரப் புல்லில் சக்கரம் இழுபட்டு, விமானம் ஒரு பக்கம் சற்றுச் சரிந்து நேராகி, பொப்லர் மரங்களுக்கு முன்னாலிருந்த வேலிக்குக் கொஞ்சம் இப்பால் நின்றது.

"என்னடா, எழும்பேல்லையோ?" என்று அக்கா லண்டனிலிருந்து கேட்டார். நான் போனை அணைத்தேன்.

நாங்கள் ஓடிப்போனபோது அவள் இறங்கிவிட்டாள். முகத்தில் கோபமோ பதற்றமோ இல்லை. நேரே பின்னால் போய், குழிக்குள் கிடந்த தன் ஜக்கெற்றைத் தூக்கினாள். கீழே மூன்று பூசணிக்காய், அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாக்கு உள்ளி. அன்புராசா அண்ணை சிரித்துக்கொண்டு வந்தவர், எங்கள் முகங்களைப் பார்த்து நடையைக் குறைத்தார்.

"முதல் முதலா எங்கட வளவில வந்து இறங்கின பிளேன். வெறுங்கையோட அனுப்புறதோ எண்டுதான் தங்கச்சி..." என்றார். பிறகு, "போய் இறங்கினாப் பிறகு பார்த்துச் சந்தோசப்படுவீரெண்டு சொல்லாமல் வைச்சனான்," என்றார்.

"எவ்வளவு பாரம் வரும் அண்ணை?" என்று ஜெயமலர் கேட்டாள்.

"பெரிசா இல்லைப் பிள்ளை. முப்பது கிலோ வரும்."

ஜூலியன் என்ன நடந்தது என்று கேட்டான். நான் மொழிபெயர்த்தேன். யாராவது வீட்டுக்கு வந்தால் வெறுங்கையோடு அனுப்பமாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் செட்டையில் கையை ஊன்றிக்கொண்டு பூசணியைப் பார்த்தான், பிறகு மரங்களைப் பார்த்தான். தானென்றால் வாளியைத் தாண்டி இன்னும் கொஞ்சத் தூரம் விட்டுப் பார்த்திருப்பேன் என்று மெதுவாகச் சொன்னான். ஜெயமலர் அதைக் கவனிக்கவில்லை. "பிழை என்ரை. ஏற முன்னம் நான் திருப்பிப் பார்த்திருக்கவேணும்," என்றாள் தனக்குத்தானே.

நான் போய் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடமும் நான் அவள் பறப்பதைச் சொல்லித்தான் பெருமைப்பட்டேன். இன்று புருஷன் கமராவோடு நிற்கிறான், லண்டன் பார்த்துக்கொண்டிருக்கிறது, விற்கிறவன் பக்கத்தில் இருக்கிறான், தோட்டக்காரர் கைதட்டத் தயாராக நிற்கிறார். இவ்வளவு பேருக்கு முன்னால் அவள் வாளியை மட்டும் பார்த்து நிறுத்தியிருக்கிறாள். நான் ஒருபோதும் அப்படி நிறுத்தியிருக்கமாட்டேன். ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதற்காகவே மரத்தில் கொண்டுபோய் அடித்திருப்பேன். அவளைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது, ஆனால் அவள் அந்தக் கையால் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

பூசணியையும் உள்ளியையும் இறக்கிவிட்டு மறுபடியும் ஓடியபோது விமானம் வாளியடியில் நல்ல வேகத்தில் வந்து, அதற்குச் சற்று அப்பால் நிலத்தை விட்டு, மரங்களுக்கு மேலாக ஏறிப் போயிற்று. எல்லோரும் கைதட்டினோம். இறங்கி வந்த ஜூலியன் முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. நான் அவனிடம் விலைக்கதை தொடங்கிவிட்டேன். ஜெயமலர் ஒரு கிழமை யோசிக்கவேண்டும் என்றாள்.

திரும்பி வரும்போது காரை நான் ஓட்டினேன். "இனி என்ன யோசனை உமக்கு? பூசணி இல்லாட்டி வடிவா எழும்புதுதானே," என்றேன்.

"ஓம். பிளேனில பிழையில்லை."

"பிறகென்ன?"

"பின்னுக்கு ஒருக்கா மணந்து பாருங்கோ," என்றாள்.

கார் முழுக்க உள்ளி வாசம். டிக்கிக்குள் அதே மூன்று பூசணிக்காய், அதே உள்ளிச் சாக்கு, போதாக்குறைக்கு ஒரு கட்டு லீக்ஸ். நாங்கள் புறப்படும்போது அன்புராசா அண்ணை வெட்கப்பட்டுக்கொண்டே, "காரெண்டால் பரவாயில்லைத்தானே?" என்று கேட்டு ஏற்றிவிட்டவை.

"அண்ணை இனி வைக்கமாட்டார். ஆனா நான் அந்த வெளியில பிளேனை வைச்சுக்கொண்டு எங்க போகப்போறன்? ஒட்டாவாவில என்ரை தங்கச்சி வீட்டை போவன். அவள் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் கட்டித் தருவாள். வேண்டாமெண்டு சொல்ல நான் ஒருத்தி, வைச்சுவிட ஆயிரம்பேர். எழும்பினாலும் எழும்புமெண்டு பார்த்து அந்த மரத்துக்கு மேலால ஒவ்வொரு நாளும் ஏறேலாது. எங்கட ஆக்களுக்குத் தக்கமாதிரி ஒரு பிளேன் வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. வைன் நிறமும் தோல் இருக்கையும் என் கண்ணுக்குள் நின்றன. அதன் படத்தை இணையத்தில் போட்டால் எத்தனை பேர் கேட்பார்கள் என்றும் கணக்குப் போட்டிருந்தேன். இன்னும் சில கிழமைகளில் ஸ்நோ விழுந்துவிடும் என்றும் சொல்ல நினைத்தேன். அது அவளுக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே கையில் கிடைத்ததை வேண்டாம் என்கிறாள். காரை ஓட்டிக்கொண்டு பேசாமல் இருந்தேன், எனக்கு அது பெரிய காரியம்.

இரண்டாவது விமானம் ஒக்ரோபரில் வந்தது. பொப்லர் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. காலையில் மூச்சு விட்டால் புகை வந்தது. ஜூலியன்தான் இதையும் கொண்டுவந்தான். இதற்கும் சான்றிதழ் இருந்தது, இதுவும் இரண்டு இருக்கைதான். ஆனால் பார்க்க ஒன்றுமில்லை. சீலை போர்த்த உடம்பு, வெளிறின மஞ்சள் நிறம், தலைக்கு மேலே அகலமான செட்டை, குழந்தைப்பிள்ளைக்குப் பெரிய சப்பாத்துப் போட்டுவிட்டதுபோலப் பருத்த சக்கரங்கள். வேகமும் குறைவு. என் தொழில் பாஷையில் சொன்னால் வீடு சின்னன், காணி பெரிசு. கட்டித் தூக்கிவிட்ட மாளிகைகளுக்கு நடுவில் அப்படியொரு பங்களோ நிற்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், விஷயம் தெரிந்தவன் மட்டும் காணியைப் பார்த்து வாங்குவான்.

அவளும் ஜூலியனும் இரண்டுதரம் சுற்றி வந்தார்கள். வாளிக்கு எவ்வளவோ முன்னால் எழும்பிவிட்டது. இறங்கி வந்தவள் கையுறையைக் கழற்றிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். அன்புராசா அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார். அன்று அவர் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட விமானத்துக்குக் கிட்டக் கொண்டுவரவில்லை.

"அண்ணை, பூசணி எங்க?"

"ஐயோ தங்கச்சி, நான் ஒண்டும் தொடேல்லை. வேரோனிக்காவைக் கேளும்."

"இல்லை அண்ணை, கொண்டுவாங்கோ. போனமுறை வைச்ச அதேயளவு. தராசையும் கொண்டுவாங்கோ."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். உள்ளி மூட்டை நிறுக்கிற மேடைத் தராசைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். பூசணிகளைத் தானே தெரிந்தெடுத்தார், எல்லாவற்றிலும் வடிவானவை. ஜெயமலர் ஒவ்வொன்றாக நிறுத்தாள். இந்த விமானத்தின் சாமான் குழிக்கு அந்தப் பாரம் அடங்கும் என்று ஜூலியனிடம் கேட்டு உறுதிசெய்து, வைத்து, வலையால் கட்டினாள். குழிக் கதவைப் பூட்டித் திறப்பைத் தன் சங்கிலியில் கோர்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் ஒருக்கா ஏறுங்கோ."

"எங்க?"

"தராசில."

இத்தனை பேருக்கு முன்னால் உள்ளித் தராசில் ஏறி நின்றேன். வீட்டில் யார் கேட்டாலும் எண்பத்திரண்டு என்றுதான் சொல்லுவேன். முள் தொண்ணூறைத் தாண்டிப்போய் நின்று ஆடியது. சப்பாத்து என்றேன். யாரும் நம்பவில்லை.

"எனக்குத் தெரியும். தொண்ணூற்றொண்டு எண்டுதான் போட்டனான்," என்றாள்.

"எதில போட்டனீர்?"

"கணக்கில. இந்தப் பிளேனுக்கு, மற்றதுக்கு, கராஜில பார்த்ததுக்கு. தொடக்கத்திலயிருந்து எல்லாத்துக்கும் பக்கத்துச் சீற்றில உங்களை வைச்சுத்தான் பார்த்தனான்." கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டினாள். "வரச்சொல்லிக் கேட்கேல்லை. நீங்கள் வராட்டி ஜூலியன் வருவான், குறையிறதுக்கு உள்ளிச் சாக்கு வைக்கலாம். எனக்குப் பாரம் சரியாயிருந்தாக் காணும்."

நான் தராசிலேயே நின்றேன். இறங்கத் தோன்றவில்லை. ஊரெல்லாம் அவளைப்பற்றிச் சொல்லித் திரிந்தேன், அவளுடைய விமானத்தில் எனக்கு இடம் இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. முதுகு என்று பொய் சொன்ன நாட்களிலும், வேலை என்று ஒளித்த நாட்களிலும் அவள் என்னை ஏற்றி இறக்கிக் கணக்குப் பார்த்திருக்கிறாள். ஒன்பது கிலோ பொய்யையும் சேர்த்து.

"உள்ளி வேண்டாம். நான் வாறன்," என்றேன்.

ஜூலியன் காப்புறுதியில் அவள் பெயரை அந்தக் கிழமையே சேர்த்திருந்தான். அவன் இறங்கி எனக்கு வழிவிட்டான், இடுப்புப் பட்டியை இழுத்து மாட்டியும் விட்டான். வேரோனிக்கா அக்கா ஓடிவந்து கைக்குள் எதையோ பொத்திக்கொண்டு நின்றார். மடு மாதா பதித்த சின்னப் பதக்கம், எங்கள் பத்துச் சதக் காசளவு. "உது பாரமோ பிள்ளை?" என்று பயந்து பயந்து கேட்டார். ஜெயமலர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பரவாயில்லை அக்கா," என்று குழித் திறப்போடு சேர்த்துக் கோர்த்தாள். நான் மனத்துக்குள் றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். என் பெயரே அவருடையதுதான், அவர் மறுக்கமாட்டார்.

றோட்டோரத்தில் போய்த் திரும்பி நின்றோம். முன்னால் வெளி முழுதும் தெரிந்தது. வாளி ஒரு சிவப்புப் பொட்டு. அதற்கு அப்பால் மரங்கள், வெளியே நின்று பார்த்ததைவிட இங்கேயிருந்து உயரமாக நின்றன. அவள் எஞ்சினை உயர்த்தினாள். அந்தச் சத்தம் வந்தது. என் கை கதவுப் பக்கம் போயிற்று. அவள் அதைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ," என்று காதில் மாட்டிய ஹெட்போனுக்குள் அவள் குரல் கேட்டது. "உந்த இடப்பக்கத்து வட்டம் வேகம். முள்ளைப் பார்த்து உரக்க வாசிச்சுக்கொண்டு வாங்கோ. வாளியடியில நாற்பதுக்குக் குறைஞ்சிருந்தா நிப்பாட்டுவன். அதைவிடக் கூட இருந்தா நிப்பாட்டமாட்டன். சரியோ?"

"சரி," என்றேன். நிறுத்துவாள் என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்குத் தேவையாக இருந்தது. அவள் எதற்காகவும் நிறுத்தக்கூடியவள், எனக்காகக்கூட.

பிரேக்கை விட்டாள். இருக்கை என் முதுகில் வந்து தள்ளியது. புல் சக்கரத்தில் பட்டுச் சடசடத்தது. நான் முள்ளை மட்டும் பார்த்தேன். "இருபது," என்றேன். "இருபத்தைஞ்சு. முப்பது." நிறுத்தாமல் வாசித்தேன். "முப்பத்தைஞ்சு. நாற்பது." பின்னால் பூசணிகள் வலைக்குள் ஒருதரம் அசைந்து அடங்கின. "நாற்பத்திரண்டு. நாற்பத்தைஞ்சு." சடசடப்பு நின்றுபோயிற்று. என் காது பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். "நாற்பத்தெட்டு," என்றேன். அவள் போதும் என்று சொல்லவில்லை. கண்ணை உயர்த்தினால் மரம் இருக்கும் என்று பயந்து, கண்ணை உயர்த்தாமல் பக்கத்தில் கீழே பார்த்தேன்.

சிவப்பு வாளி எங்களுக்குக் கீழே, அப்போதுதான், பின்னால் போய்க்கொண்டிருந்தது. வாளிக்குப் பக்கத்தில் அன்புராசா அண்ணை நின்றார். ஏற்றாமல் விட்ட ஒரு பூசணிக்காயை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். பருத்த சக்கரம் என் காலுக்குக் கீழே, நிலமில்லாமல், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் ஒட்டியிருந்த ஈரப் புல் ஒவ்வொன்றாகக் கழன்று மஞ்சள் மரங்களின் மேல் விழுந்தது. நான் மறுபடியும் முள்ளைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினேன்.